விளக்கு வைக்கும் நேரம்

“கொடி பிடிச்ச வழிகாட்டி பின்னால என்னால ஓட முடியாது. தனியாச் சுத்திட்டு வரேன்” என்றாள் கோமளவல்லி, சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கும்போது.

“எனக்குக் காபி யாரு எடுத்துத் தருவா?” என்றார் கணவர் சபாபதி.

“விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுவேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தக் கெடுவை மீறியதேயில்லை. அந்த நார்வே துறைமுகத்தில் கப்பல் இரண்டாம் முறை ஊதியபோது, சபாபதி மேல்தளத்துக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். ஏணியைத் தூக்கிவிட்டார்கள். மலைப்பாதை வளைவில் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. போனில் கத்தினார்: “கப்பல் கெளம்பிடுச்சுடி!”

“ஏன் பதறுறீங்க? இன்னும் இருட்டவே இல்லையே.”

சூரியன் மலைமேல் அப்படியே நின்றது. இந்த மாதம் முழுக்க இங்கே இருட்டாது என்று நேற்று அவருக்குச் சொன்னதே அவள்தான்.