கை படாத சாப்பாடு

"கையை வெளிய எடுங்க அண்ணி. ரெண்டு கையையும்."

சீனக் கோயிலின் பின்கட்டு அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் கத்திகள் ஒரு நொடி நின்றன. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாத விரதம் தொடங்கியிருந்ததால் எல்லோரும் வெள்ளை உடையில் இருந்தார்கள். பெக் ஹூன் மட்டும் நிமிரவில்லை. அண்டாத் தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டு எதையோ பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏன், விலங்கு மாட்டப் போறியா?"

"மாட்டத்தான் வேணும். என் பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"அவ கையை எடுத்தா எங்களுக்குப் பொழப்பு நடக்காதும்மா," என்றாள் பக்கத்தில் காளான் நறுக்கிய லியன் சீ. "மூணு மாசமா அந்த அண்டாவோடதான் குடும்பம் நடத்துறா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெக் ஹூனின் தம்பி மனைவி சூ யின் சிரிக்கவில்லை. சுவரோரம் பிரித்து வைத்திருந்த கோதுமை மாவு மூட்டையின் தூசி படாதபடி, மகன் காய் ஷெங்கைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தினாள். ஐந்து வயது. அவன் புறங்கையில் அவனே கடித்துக்கொண்ட பல் தடம் சிவந்து கிடந்தது. விட்டுப்போயிருந்த பழக்கம், இந்த வாரம் திரும்பி வந்துவிட்டது. பேச்சுப் பயிற்சி நடக்கும் இடத்தின் வாசலில் அவன் அத்தை நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். அதைக் கேட்டதும் நேரே இங்கே வந்துவிட்டாள் சூ யின்.

"வாசல்ல நின்னேன். பார்த்தேன். வந்துட்டேன்," என்றாள் பெக் ஹூன். "நான் பார்த்தாக்கூட உன் பிள்ளை வயித்துக்கு ஒத்துக்காதா?"

"நம்ம வீட்ல இருந்தப்பவும் வெறுங்கையோடதான் அவன்கிட்ட வந்தீங்க. பாக்கெட்டுக்குள்ள பிஸ்கட் இருந்துச்சு."

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளில் சூ யின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: நான் என்ன செய்யணும்? பயிற்சிக்குக் கூட்டி வாருங்கள், பொறுமையாக இருங்கள் என்றார் அவர். பொறுமை ஒரு வேலையா? சும்மா இரு என்று சொன்னது போலத்தான் அவளுக்குக் கேட்டது. கோதுமையையும் பாலையும் நிறுத்தியதும் பிள்ளை பேசத் தொடங்கியது என்று எந்த ஊர்த் தாயோ எழுதியதைக் கைப்பேசியில் படித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

ரொட்டி, நூடுல்ஸ், பால் மாவு எல்லாம் குப்பைக்குப் போயின. ஒளித்து பிஸ்கட் கொடுத்த நாத்தனாரும் வீட்டைவிட்டுப் போனாள். பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டவள் அக்காதானே என்று கணவன் பூன் கியட் முனகினான். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே என்றாள் சூ யின். அதைச் சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. பழியை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்த இனிப்பு.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? என் கண்ணைப் பார்த்து அம்மான்னான். நாற்காலியில உட்கார்ந்து படம் போடுறான். மூணு மாசமா ஒரு பொட்டுக் கோதுமை உள்ள போகலை. உங்க கை படாத சாப்பாடு. அதான் வித்தியாசம்."

"எது ஆகாதுன்னு தெளிவாச் சொல்லு. கோதுமையா, என் கையா?"

"ரெண்டும்."

பெக் ஹூனின் கை தண்ணீருக்குள் நின்றது. பிறகு, பால்போல் வெளுத்திருந்த அந்தத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள்.

"அப்படி என்னதான் போடுற அவனுக்கு?" என்று லியன் சீ கேட்டாள்.

"சோறு, கீரை, முட்டை. அப்புறம் உங்க கோயில் வாசல் கடையில வாத்துக் கறி மாதிரியே செஞ்சு விக்கிற சைவ வாத்து. அது இல்லாம அவனுக்கு ஒரு வாய் இறங்காது. சோயாவுல செஞ்சதுதானே, கோயில் சாப்பாடு சுத்தமா இருக்கும்னு தினமும் வாங்குறேன். விரதக் கூட்டத்துல இந்த வாரம் அதுவும் கிடைக்கலை." சூ யின் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "சாமி வீட்டுக்குள்ளயே இருந்தும் உங்க மனசு மட்டும் சுத்தமாகலை அண்ணி."

லியன் சீ வாயைத் திறந்தாள். பெக் ஹூன் தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம்.

"உங்க தம்பிக்குத் தூரமா ஜொகூர்ல வேலை பார்த்தாச்சு. அடுத்த மாசம் போறோம். அப்ப எந்த வாசல்ல போய் நிக்கிறீங்கன்னு பார்க்கிறேன்."

இதற்குத்தான் பெக் ஹூன் நிமிர்ந்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

அதற்குள் காய் ஷெங் கையை உருவிக்கொண்டு ஓடிப் போய் அத்தையின் முதுகோடு ஒட்டிக்கொண்டான். அவள் தோளுக்கு மேலாக எட்டி, அண்டாவுக்குள் கிடந்த சாம்பல் நிறக் கட்டியில் விரலை அழுத்தினான். அது ரப்பர் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. அவன் சிரித்தான்.

"தொடாதேடா! கோதுமை அது!" சூ யின் பாய்ந்து வந்து அவனை இழுத்தாள். "என்ன கருமம் இது? மாவைப் பிசைஞ்சு யாராவது தண்ணியில கழுவுவாங்களா?"

பெக் ஹூன் இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்தக் கட்டியைத் தூக்கிப் பிடித்து, சொட்டச் சொட்டப் பிழிந்தாள்.

"இதுதான், உன் பிள்ளை தினமும் சாப்பிடுற வாத்து."