லஸ்கம் வயலின் ஒற்றையடிப் பாதை

"மனுஷனா அவன்? இருபத்திரண்டு வருஷம், டிலிஸ்! ஒரு நாளாவது வாயைத் திறந்து 'குட் மார்னிங்'னு சொல்லியிருப்பானா?"

"மெதுவாப் பேசு முரியல். பின்வரிசையிலதான் உட்கார்ந்திருக்கார்."

"கேக்கட்டுமே. நல்லாக் கேக்கட்டும்."

முரியல் தேநீர்க் கோப்பையைச் சாஸரில் ணங்கென்று வைத்தாள். நெதர்கோம்ப் ஊர்மன்றத்தில் அன்று நாற்காலி போதவில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்திருந்தார். லஸ்கம் வயல் வழியாகக் குன்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஊருக்குச் சொந்தமா, இல்லையா? அதுதான் விசாரணை.

போன வசந்தத்தில் ஆமோஸ் லஸ்கமும் அவர் தம்பியும் நிலத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் மறுநாளே பாதை தொடங்கும் இடத்து மரக்கதவில் சங்கிலி மாட்டினார். குன்றின் மேலே எண்ணூறு வருஷத்துச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. கூரை போய்விட்டது, வாசல் வளைவில் செதுக்கிய நரி மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. போக வேறு வழி கிடையாது. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற முரியல், ஞாயிறுதோறும் வருகிறவர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தவள். மழையிலும் நடந்தாள். கணவனைப் புதைத்த வாரமும் நடந்தாள்.

இருபது வருஷம் ஊரார் தடையில்லாமல் நடந்த பாதை ஊருக்கே என்பது சட்டம். இன்று தோற்றால் நரியை இனி யாரும் பார்க்க முடியாது.

"இதைக் கேளு," டிலிஸ் அவள் காதருகே குனிந்தாள். "லஸ்கமைத் திட்டாதே. 'பெரிய மனசு பண்ணி அனுமதிச்சார்'னு நாலு வார்த்தை நல்லதாச் சொல்லு. கேக்கிறவங்களுக்கும் நம்ம மேல நல்ல எண்ணம் வரும்."

"எனக்குப் பொய் வராது. அந்த ஆளுக்காகச் சத்தியமா வராது."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்ச் சொன்னாள். பாதையோர உயிர்வேலியில் முப்பது கஜத்துக்கு ஒன்பது வகை மரம் எண்ணியதைச் சொன்னாள். நூறு வருஷத்துக்கு ஒரு வகை என்று வைத்தால் பாதைக்கு வயது தொள்ளாயிரம். அதிகாரி குறித்துக்கொண்டார்.

புது சொந்தக்காரரின் வக்கீல் எழுந்தார். குரலில் தேன் சொட்டியது.

"அம்மா, லஸ்கம் ஐயா நல்ல மனுஷர். நீங்களும் மரியாதை தெரிஞ்சவங்க. கேட்டிருப்பீங்க, அவரும் 'தாராளமாப் போங்க'ன்னு சொல்லியிருப்பார். அப்படித்தானே?"

"சொல்றதா? அவரா?" முரியலின் முகம் சிவந்தது. "வாராவாரம் நான் வணக்கம் சொல்லுவேன், அவர் மாட்டைப் பார்த்துத் திரும்பிக்குவார். கிறிஸ்துமஸுக்கு வாசல்ல கேக் வெச்சேன். டப்பா கழுவித் திரும்பி வந்தது. நன்றின்னு ஒரு வரி? துண்டுச் சீட்டு? கிடையாது! ஒரு தடவை வேலியைத் தாண்டற மரப்படியில விழுந்து கணுக்கால் பிசகிடுச்சு. வந்தார், கன்னுக்குட்டியைத் தூக்கற மாதிரி தூக்கி அந்தப் பக்கம் வெச்சார், போயிட்டார். 'வலிக்குதா'ன்னுகூடக் கேக்கல. கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும் ஐயா!"

மன்றம் சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அம்மா. ஒரே ஒரு தடவைகூட அனுமதிக்கலையா?"

"என்ன, காது கேக்கலையா உங்களுக்கு? இல்ல!"

அவள் வந்து உட்கார்ந்தபோது டிலிஸ் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து லஸ்கம். எண்பது வயது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். பாதையைப் புதைக்கத்தான் வந்திருக்கிறார் என்று முரியல் பல்லைக் கடித்தாள்.

"ஐயா, இவங்களுக்கு அனுமதி கொடுத்தீங்களா?" என்றார் வக்கீல்.

"இல்ல."

வாயைத் திறந்தாயிற்று, ஒருவழியாக. முரியல் டிலிஸைப் பார்த்தாள்: சொன்னேனா இல்லையா?

"சரி. அப்ப, 'வராதீங்க'ன்னு தடுத்திருப்பீங்க?"

"இல்ல."

"இவங்க நடந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும் பார்த்தேன்."

வக்கீலின் குரலில் இருந்த தேன் தீர்ந்துபோனது. "தடுக்கவும் இல்ல, அனுமதிக்கவும் இல்ல. இருபத்திரண்டு வருஷம் ஊமை மாதிரி நின்னீங்களா? எதுக்கு?"

லஸ்கம் தொப்பியின் ஓரத்தைத் தடவினார்.

"தடுத்திருந்தா அன்னிக்கே பாதை போயிருக்கும். 'போங்க'ன்னு சொல்லியிருந்தா அது என் தயவுல நடந்ததா ஆயிடும்; நிலம் கைமாறினதும் அதுவும் போயிடும். எழுதிக் கொடுக்கலாம்னா, பாதி நிலம் தம்பியோடது, அவன் கையெழுத்துப் போடமாட்டான். யார் தயவும் இல்லாம இருபது வருஷம் நடந்தாத்தான் பாதை ஊருக்குச் சொந்தம். சட்டம் அப்படி."

அவர் முதல்முறையாக முரியலை நேராகப் பார்த்தார்.

"இந்தம்மா வாராவாரம் சிரிச்ச முகமா வணக்கம் சொல்லும். பதிலுக்கு வாயைத் திறந்தா, 'தாராளமாப் போம்மா'ன்னு சொல்லித் தொலைச்சிடுவேனோன்னு பயந்துதான் மாட்டுப் பக்கம் திரும்பிக்குவேன்."