போர்டில் இருக்கிற பையன்

"சார், நம்ம போர்டுக்குக் கீழ தினமும் ஒரு கூத்து நடக்குது, தெரியுமா?"

விளம்பரப் போர்டுக்கு விளக்கு மாட்டுகிற எலக்ட்ரீஷியன் சொன்னதும், கல்லூரியின் விளம்பர மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன கூத்து?"

"ஸ்டாப்புல பஸ்ஸை நிறுத்தினதும் டிரைவர் எழுந்து நின்னு, போர்டுல இருக்கிற பையனைக் கைகாட்டி என்னமோ பேசுறார். பஸ் மொத்தமும் எட்டிப் பார்க்குது. நான் மேல ஏணியில இருந்ததால பேச்சு காதுல விழலை. கைதட்டல் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் விசாரிச்சா, அந்தப் பையன் அவரோட மகனாம்."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அட்மிஷன் முடிய இன்னும் பத்து நாள்தான். நூற்றுச் சொச்சம் சீட்டு காலி. சேர்மன் காலையும் மாலையும் போன் போட்டு மனுஷனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் காசில்லாத விளம்பரம் ஒன்று பஸ் ஏறி ஊரைச் சுற்றுகிறதென்றால் யாருக்குக் கசக்கும்?

நாற்பதடி போர்டு அது. 'இந்த ஆண்டின் உச்சச் சம்பளம், எங்கள் மாணவருக்கே' என்று கொட்டை எழுத்தில் போட்டு, நடுவில் அந்தப் பையனின் சிரித்த முகம்.

அந்த முகம் அன்று மத்தியானமே மேனேஜர் அறைக்கு வந்து நின்றது. சிரிப்பு மட்டும் இல்லை.

"வாப்பா, நம்ம ஸ்டார் ஆச்சே நீ. உட்காரு."

பையன் உட்காரவில்லை.

"சார், அந்த வேலை கிடைச்சது எனக்கில்லை. எனக்கு அடுத்த ரோல் நம்பர் பையனுக்கு. போட்டோ மாறிப்போச்சு. எனக்கு இன்னும் மூணு பேப்பர் அரியர் இருக்கு. ஆபீஸ்ல மூணு தடவை சொல்லிட்டேன், யாரும் காதுல வாங்கலை."

மேனேஜர் டிசைனரைக் கூப்பிட்டார். டிசைனர் வந்து, ரோல் நம்பரைப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"ஆமா சார், ஒரு நம்பர் தள்ளி எடுத்துட்டேன். நிஜப் பையன் வேலையில சேர வெளியூர் போயாச்சு. அவன் ஒண்ணும் கேக்க மாட்டான்."

இதே முகம்தான் நோட்டீஸிலும், வெப்சைட்டிலும், காலேஜ் பஸ் முதுகிலும். இப்போது மாற்றினால், ஏன் மாற்றினீர்கள் என்று ஊர் கேட்கும். மேனேஜர் டிசைனரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, இது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"அட, விடுப்பா. உங்க அப்பா பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி உன்னைக் காட்டுறாராம். ஜனங்க கைதட்டுறாங்களாம். அந்த மனுஷனை ஊர் முன்னாடி தலைகுனிய வைக்கப்போறியா?"

"சார், எங்க அப்பாகிட்ட நான்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பத்து நாளைக்கு வாயைத் திறக்காம இரு, போதும். பெத்தவரோட சந்தோஷத்தைவிட உன் ரோஷம் பெருசாயிடுச்சா?"

எவ்வளவு அக்கறை பாருங்கள். பையன் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சேர்மன் போன். மேனேஜர் கையாலேயே அவனை வெளியே போகச் சொன்னார்.

டிரைவர் விஷயத்தைக் கேட்டதும் சேர்மன் துள்ளினார்.

"இதைவிட என்னய்யா வேணும்? டிரைவர் வேலை பார்க்கிற அப்பா, உச்சச் சம்பளம் வாங்குற மகன். நாளைக்கே அந்த பஸ்ஸுல ஏறு. நம்ம காலேஜ் ஃபேஸ்புக் பக்கத்துல லைவா ஓடட்டும். ஒரு பெத்தவர் வாயால வர்றதை எந்த விளம்பரத்தாலயும் சொல்ல முடியாது."

மறுநாள் காலை, கேமராமேனோடு மேனேஜர் பஸ் ஏறினார். ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக நல்ல கூட்டம். பிளஸ் டூ முடித்த பெண்ணும் அவள் அம்மாவும்கூட மடியில் சான்றிதழ் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு சீட்டு நிச்சயம் என்று மேனேஜர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவசரத்தில் அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்.

போர்டு வந்தது. பஸ் நின்றது. டிரைவர் எழுந்து திரும்பினார். நரைத்த மீசைக்குக் கீழே அப்படி ஒரு சிரிப்பு.

"ஆரம்பி, ஆரம்பி" என்று மேனேஜர் கேமராமேனின் தோளைத் தட்டினார். லைவ் ஓட ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம் எல்லாரும் அந்தப் போர்டைப் பாருங்க" என்றார் டிரைவர். "அதுல இருக்கிறது என் பையன். ஆனா அந்த வேலை அவனுக்குக் கிடைக்கலைங்க. காலேஜ்ல போட்டோவை மாத்திப் போட்டுட்டாங்க."

மேனேஜர் கேமராமேனின் தோளிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்தார்.

"போர்டைப் பார்த்துட்டு நான் ஆளுக்கு ஆள் போன் பண்ண ஆரம்பிச்சுட்டேன். அவன்தான் போனைப் பிடுங்கி வெச்சுட்டு, 'அது பொய்ப்பா, எனக்கு வேலை கிடைக்கலை, மூணு பேப்பர் போயிருக்கு'ன்னான். சொல்றப்போ அழுதுட்டான். போர்டை எடுக்கச் சொல்லி காலேஜுக்கும் நடையா நடக்குறான். அவங்க எடுக்கிற வழியைக் காணோம். இதை நம்பி யாரும் ஏமாந்துடக் கூடாதுன்னு நானே டிரிப்புக்கு டிரிப் சொல்லிக்கிட்டு வர்றேன்."

நிறுத்து, நிறுத்து என்று மேனேஜர் சைகை காட்டினார். கேமராமேன் டிரைவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது.

டிரைவர் மறுபடியும் ஒரு தடவை போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"அவன் சும்மா இருந்திருந்தா நான் கடைசி வரைக்கும் நம்பியிருப்பேன். ஆனா அவன் அப்படி இருக்கலை. நீங்களே சொல்லுங்க, இந்தப் பிள்ளைக்கு நாற்பதடி போர்டு பத்துமா?"