ஈரச் சுவெட்டர்

வள்ளியூர் வெயில் தகரக் கூரையில் இறங்கி, கொட்டகைக்குள் கொதிக்கிறது. வட்டமாக நிறுத்திய அட்டைத் தடுப்புக்குள் வான்கோழிக் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. மூலை கிடைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும் என்பதால் அவற்றுக்கு மூலையே வைக்கவில்லை. போன தடவை வாங்கிய குஞ்சுகள் தீவனம் செரிக்காமல், வாலடியில் எச்சம் ஒட்டி, வளராமலே போய்விட்டன. இந்தத் தடவை தீவனத்தில் செரிமானத்துக்கான என்சைம் பொடி கலக்கிறார்கள். எச்சம் இறுகியிருக்கிறது, கால்கள் தடித்திருக்கின்றன. சூடு பட்டால் அந்தப் பொடிக்கு வீரியம் போய்விடும். அதனால், மாஞ்சோலை மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கையில் தேன்மொழி போட்டிருந்த கம்பளிச் சுவெட்டரை நனைத்துப் பொடி டப்பாவில் சுற்றி, காற்று வரும் வலையோரம் வைத்திருக்கிறான் அவள் புருஷன் இசக்கிதுரை. எஸ்டேட்டைக் காலி செய்து கீழே வந்த பிறகு சுவெட்டருக்கு வேறு வேலையில்லை. தேன்மொழி அதை டப்பாவிலிருந்து அவிழ்க்கிறாள். ஒரு கரண்டி பொடியைத் தவிட்டில் கலந்து, தீவனத்தில் விரவிப் போடுகிறாள். தகரத் தட்டில் அலகுகள் கொத்தும் சத்தம் மலையில் மழை பிடித்ததுபோலக் கேட்கிறது. வலைக்கு அப்பால், மேற்கே, மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறது. அவள் ஈரச் சுவெட்டரை எடுத்து முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். கண்ணைத் திறக்கவில்லை. “ஏட்டி, என்ன செய்யுத அங்கன?” தீவன மூட்டையோடு வாசலில் நிற்கிறான் இசக்கிதுரை. “டப்பாவுல சுத்தி வை, சீக்கிரம். அது சூடு தாங்காது.”