பெயருக்குச் சொந்தக்காரர்கள்

அலமாரிக்குப் புதிதாக வந்த ஆலிவ் எண்ணெய்ப் புட்டி மார்தட்டியது. "ஆங்கிலத்தில் ஆயில் என்றாலே ஆதியில் நான் மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் இரவல் பெயர்."

நல்லெண்ணெய் துள்ளிக் குதித்தது. "அட, நம்ம கதையும் அதேதாங்க! எள்ளோட நெய்தான் எண்ணெய். வாங்க சம்பந்தி!"

இரண்டும் கட்டிக்கொண்டு ஆடியதில் பலகையே குலுங்கியது.

"எல்லாரும் எங்க பேரைக் கழற்றி வையுங்க!" என்று கூவின.

தேங்காயெண்ணெய் பயத்தில் உறைந்தது. கீழே டின்னிலிருந்த மண்ணெண்ணெய் சிரித்தது. "எடுத்துக்கோங்க. எனக்கு மண்ணு போதும்."

அப்போது அடுப்படியிலிருந்து தவமணி கணவனிடம் கத்தினாள். "ஏங்க, அப்பளம் பொரிக்கணும், அந்த எண்ணெயை எடுங்க!"

இரண்டு புட்டிகளும் கழுத்தை நீட்டின.

அவர் கை இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பின்னால் சாய்ந்திருந்த பாமாயில் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனது.