காற்றும் கறிவேப்பிலையும்

தூணுக்குப் பின்னால் நின்றான்.

வயது ஐம்பத்து மூன்று. குடியிருப்போர் சங்கத்தின் துணைத் தலைவர் வேறு. சொந்த அபார்ட்மென்ட்டின் பார்க்கிங்கில், சொந்தக் காருக்கு எதிரே, பெட்ரோல் திருட வந்தவனைப் போல.

திருடவும் வழியில்லை. புது வண்டி கரண்டில் ஓடுவது.

சார்ஜர் ஒயர் சொருகியபடியே இருந்தது. வண்டி நகரவில்லை. ஆனால் உள்ளே ஆள் இருந்தது. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு.

அவன் மனைவி.

கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் இறங்கியவள்.

அவன் இறங்கி வந்தது காற்று பார்க்க.

பதினோரு மாதமாக அதுதான் சாக்கு. வாரத்துக்கு இரண்டு முறை. "டயர்ல காத்து கம்மியா இருக்கும்மா, பார்த்துட்டு வந்துடறேன்." இந்தக் கணக்குப்படி கோயம்புத்தூரிலேயே அவனுடைய டயர்களைப் போலச் சீராட்டப்பட்ட டயர்கள் கிடையாது.

பங்க் பக்கமே போனதில்லை.

கீழே வந்து, பழைய டீசல் வண்டியில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு அழுவான். அந்த வண்டி போடும் இரைச்சலில் ஒரு ஆள் வாய்விட்டு அழுதால் பக்கத்து வண்டிக்குக் கூடக் கேட்காது. மைலேஜ்தான் கொடுக்காது. இந்த விஷயத்தில் தங்கமான வண்டி.

வீட்டில் அழுவதில்லை.

மகள் போன பிறகு மனைவி எழுந்து நடமாடவே இரண்டு மாதம் ஆயிற்று. இவன் உடைந்தால் அவள் மறுபடி படுத்துவிடுவாள்.

அமுதினிக்குப் பத்தொன்பது வயது. டெங்கு. ஆறே நாள்.

இரண்டு வண்டியையும் கொடுத்துவிட்டு ஒன்றாக எடுக்கலாம் என்று யோசனை சொன்னது மனைவியின் தம்பி குணாளன்.

"மாமா, வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. எதுக்கு ரெண்டு வண்டி?"

சொன்ன பிறகுதான் குணாளனுக்கே உறைத்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டான்.

அவன் சரி என்றான். அவளுடைய சிவப்புக் காரில்தான் அமுதினி ஓட்டப் பழகினாள். அதைத் தினமும் பார்ப்பது அவளைக் கொல்லும் என்று நினைத்தான்.

அவளும் சரி என்றாள். அமுதினியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவனுடைய வண்டி. அதைத் தினமும் ஓட்டுவது அவனைக் கொல்லும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டும் போயின.

ஷோரூமில் புது வண்டிக்குப் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். கேக் இருந்தது. அட்டையில் செய்த பெரிய சாவியை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போட்டோ நன்றாக வந்தது.

விற்பனைப் பையன் கதவோரம் இருந்த மூன்று பட்டன்களைக் காட்டினான்.

"சீட் மூணு பேரோட அளவை ஞாபகம் வெச்சுக்கும் சார். ஒண்ணு மேடம். ரெண்டு நீங்க. மூணாவது யாருக்கு சார்?"

"டிரைவருக்கு" என்றான்.

அவர்களுக்கு டிரைவர் கிடையாது.

கோயில் வாசலில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நகர்ந்தபோது அவை நசுங்கும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

அவ்வளவு அமைதியான வண்டி.

அந்த அமைதிதான் இப்போது காலை வாரிவிட்டது.

கண்ணாடிகள் ஏற்றியிருந்தும் தூண் வரை கேட்டது. பெரிய சத்தம் இல்லை. நாள்பட்ட பழக்கத்தில் சீரான ஒரு அழுகை.

வீட்டு ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலை இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எப்போதுமே இருந்தது. கட்டுக்கட்டாக. இரண்டு கல்யாணத்துக்குத் தாளிக்கலாம். இத்தனை மாதமாக அதை ஒதுக்கி ஒதுக்கிப் பால் பாக்கெட்டை எடுத்திருக்கிறான். தெருமுனைக் கடைக்கு எதற்குக் கார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

புத்திசாலி என்று அவனுக்கு ஆபீஸில் பெயர்.

போய்க் கதவைத் திறக்கலாம். பத்தடிதான். திறந்து என்ன சொல்வது? அழாதே என்றா? அவனே அதற்குத்தான் வந்திருக்கிறான்.

க்யூவில் நின்றான்.

கார்க் கதவு திறந்தது. அவள் இறங்கினாள். துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நேராகத் தூணைப் பார்த்து நடந்து வந்தாள். அவனைக் கண்டு திடுக்கிடவில்லை.

"ஏசியை நிறுத்தல. போய்க் காத்து பார்த்துட்டு வாங்க."

அவள் கையில் கறிவேப்பிலை இல்லை.

அவன் ஏறி உட்கார்ந்தான். இருக்கை சூடாக இருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இரண்டாம் பட்டனை அழுத்தினான். இருக்கை மெல்லப் பின்னுக்குப் போய் அவன் அளவுக்கு நின்றது.

மூன்றாம் பட்டன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கவில்லை.

கண்ணாடியில் லிஃப்ட் தெரிந்தது. அதன் முன்னால் அவள்.

மேலே போகட்டும் என்று காத்திருந்தான்.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. மூடியது.

அவள் ஏறவில்லை. முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றாள்.

அவன் கைக்குட்டையை எடுத்தான். நான்காக மடித்து வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டான்.