மங்கலான விளக்கு

விளக்குக் கடைக்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத அறையில் ஆர்க்கிட் வளர்க்க விளக்கு கேட்டு வந்த பெண், அரை மணி நேரமாக எதையும் எடுத்தபாடில்லை.

“இதைப் போடுங்கம்மா. நாலே மாசத்துல பூத்துடும்.”

“வேண்டாங்க. இதைவிட மங்கலா இருக்கா?”

“இருக்கு. ஆனா அதுல செடி உயிரோட இருக்குமே தவிர பூக்காது. இலைதான் கரும்பச்சையா நிக்கும்.”

“அதையே கொடுங்க.”

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் அவர் பேச்சை யாரும் இப்படித் தட்டியதில்லை.

“பூக்காத ஆர்க்கிட்டை வீட்ல வச்சு யாரும்மா அழகு பாப்பாங்க?” என்று முணுமுணுத்தபடியே பெட்டியில் போட்டுக் கட்டினார்.

“எங்கம்மா. அது பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க” என்றாள் அவள். “வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ‘போதும்டி, என்னை விட்டுடு’ன்னாங்க. கெஞ்சிக் கூத்தாடினப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. ‘இந்தச் செடி பூக்கிற வரைக்கும் வர்றேன், அதுக்கப்புறம் கூப்பிடக் கூடாது’ன்னு.”

கடைக்காரர் பெட்டியின் கட்டை அவிழ்த்தார். உள்ளே இருந்த விளக்கை எடுத்துவிட்டு, அதைவிட மங்கலான ஒன்றை வைத்தார்.